எங்களுக்கே பத்தாது

பைபிளில் மணவாளனுக்காக விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னிகைகளின் கதையை, மயிலாப்பூரில் எங்கள் சபை இளைஞர்கள் போன ஞாயிறு நாடகமாகப் போட்டார்கள். விளக்குக்குப் பதில் செல்போன், எண்ணெய்க்குப் பதில் பவர் பேங்க். சார்ஜ் தீர்ந்த ஒருத்தி கெஞ்சியபோது, புத்தியுள்ள கன்னிகையாக நடித்த என் பேத்தி, "எங்களுக்கே பத்தாதுடி!" என்றாள். சபை சிரித்தது.

நானும் பள்ளி நாட்களில் அதைச் சொல்லியிருக்கிறேன். ஒரு மாலை தெருவில் கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு ரஷீத் காலி விளக்கோடு வந்தான்.

"அரை டம்ளர் கிருஷ்ணாயில் குடுடா. நாளைக்குக் கணக்குப் பரீட்சை."

"எங்களுக்கே பத்தாது. கடையில போய் வாங்கிக்கன்னு பைபிள்லயே போட்டுகீது."

"இன்னாடா, பாதிரியாராட்டம் பேசுற!" என்று சிரித்துக்கொண்டே போனான்.

எங்கள் டின்னில் மண்ணெண்ணெய் நிறைய இருந்தது. அவன் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவான், காரணம் அவ்வளவுதான். அந்த முறை நான் முதலாவதாக வந்தேன். "கெட்டிக்காரன்டா நீ" என்று அவன் என் தோளைத் தட்டினான். அவன் இருந்தவரை நான் உண்மையைச் சொல்லவில்லை.

நாடகம் முடிந்ததும் பேத்தி ஓடிவந்தாள்.

"எப்படி தாத்தா?"

"நல்லா நடிச்சேம்மா. ஆனா அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் குடுத்திருக்கலாம்."

"ஐயோ தாத்தா, குடுத்துட்டா கதையே இல்லையே!"