நாலாவது எலியின் மூளை

எங்கள் ஆய்வகத்தில் அவருக்கு ஐஸ் அக்கா என்று பெயர். யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத மனுஷி. வேலையால் வந்த பெயர் அது. எலியின் மூளை, ஈரல், தோல் என்று உறைந்து கிடப்பதைப் பீங்கான் உரலில் இட்டு, திரவ நைட்ரஜனை ஊற்றி ஊற்றிப் பொடிப்பார். ஸ்பிங்கோலிப்பிட் என்ற கொழுப்பு எந்த உறுப்பில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் எங்கள் பிழைப்பு. பொடி இளகினால் கொழுப்பு சிதைந்து அளவு பொய்யாகிவிடும். அதனால் அரைக்கத் தொடங்கினால் பாதியில் நிறுத்தக் கூடாது.

அக்காவின் கணவருக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை. கப்பல் கரையோரமாகப் போகும் கொஞ்ச நேரம்தான் சிக்னல். திருப்பிக் கூப்பிட்டால் கிடைக்காது. கடைசியாக இரண்டு முறை போன் அடித்தபோதும் அக்கா உரலோடு இருந்தார். அடித்து ஓய்ந்தது. பேசி ஏழு வாரம் ஆகிவிட்டது.

"அவர் குரலே மறந்துடுமோன்னு பயமா இருக்குடி," என்றார் ஒருநாள் சாப்பிடும்போது.

அன்று காலை அவர் உரலில் நாலாவது எலியின் மூளை. அதில் மிச்சம் கிடையாது, இருந்தது அவ்வளவுதான். நான் பக்கத்து உரலில் ஈரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் கோட்டுப் பையில் போன் அடித்தது.

"அக்கா, வேணாம்!" என்று கத்தினேன். அவர் கையுறையை உருவி எறிந்துவிட்டு எடுத்தார்.

"சொல்லுங்க... பல்வலி போயிடுச்சா?... நானா? சும்மாதான் இருக்கேன்."

நாலு நிமிடத்தில் சிக்னல் போய்விட்டது. அதற்குள் பொடி களியாகியிருந்தது.

"மறுபடி நைட்ரஜன் ஊத்துங்கக்கா, கல்லாயிடும். யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"போடி. பொய்யா ஒரு நம்பர் வரும், அதை நாலு பேர் நம்புவாங்க."

களியை வழித்துக் குப்பையில் போட்டார். பதிவேட்டில் 'இளகிவிட்டது, என் தவறு' என்று எழுதி, அதை எடுத்துக்கொண்டு எங்கள் தலைமை விஞ்ஞானியின் அறைக்குப் போனார். அந்த மனுஷன் போட்ட சத்தம் மூடிய கதவைத் தாண்டிக் கேட்டது. வெளியே வந்த அக்காவுக்குக் கண் சிவந்திருந்தது.

"ரொம்பத் திட்டிட்டாராக்கா?"

"வாங்கிக் கட்டிக்கிட்டேன். பல்வலி போயிடுச்சாம்டி அவருக்கு," என்று சிரித்தார்.

ஆராய்ச்சிக் கட்டுரை அச்சாகி வந்தபோதும் கப்பல் ஊர் திரும்பவில்லை. அட்டவணை முழுக்க எண்கள். மூளைக்கான பத்தியில், நாலாவது எலிக்கு நேரே ஒரு சின்னக் கோடு மட்டும். அக்கா அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"எங்க வீட்டுக்காரர் பேசினது," என்றார்.