முக்கொம்பு வரைக்கும் போகாத வாயு

நான் அஞ்சாம் கிளாஸ். அதையும் முழுசா முடிக்கவில்லை. ஆனால் மன்னார்புரத்தில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டு, சத்தத்தைக் கேட்டே எந்தக் காருக்கு என்ன கோளாறு என்று சொன்னவன். டாக்டர்களும் வக்கீல்களும் என் வாசலில் காத்துக் கிடந்திருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பேர்ப்பட்டவன் மனைவிக்குக் கார் புகை ஆகாது. கல்யாணமாகிச் சில வருஷத்தில் இழுப்பு வந்தது. பக்கத்தில் ஒரு வண்டி உறுமினாலே நெஞ்சு விசிலடிக்கும். பஸ் கிடையாது, ரயில் கிடையாது. அவள் கேட்டது ஒன்றுதான்: ஆடிப்பெருக்குக்கு முக்கொம்பு போய், காவேரி ரெண்டாகப் பிரிகிறதைப் பார்க்கணும்.

"மாட்டுவண்டி வச்சுப் போயிடலாமேங்க" என்றாள்.

"ஊர்க் காரையெல்லாம் ஓட வைக்கிறவன் பொண்டாட்டி மாட்டுவண்டியிலயா? புகையில்லாத கார்ல கூட்டிட்டுப் போறேன்."

"அப்படி ஒண்ணு இருக்குங்களா?"

"இல்லைன்னா செய்வேன்."

பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போன எழுபதுகள் அது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில், ஸ்ரீரங்கத்தில் ஒரு பலூன்காரர் அலுமினியத் துண்டையும் காஸ்டிக் சோடாவையும் உருளைக்குள் போட்டு வாயு உண்டாக்கிக்கொண்டிருந்தார். நான் பீடியோடு கிட்டே போனேன்.

"அண்ணே, அணைங்க! ரெண்டு பேரும் க்யூவில நிக்காமலே சொர்க்கவாசல் போயிடுவோம்!"

பற்றிக்கொள்ளும் என்றால் இன்ஜினுக்குள்ளும் பற்றுமே என்று எனக்குத் தோன்றியது. திருவெறும்பூர்த் தொழிற்சாலை இன்ஜினியர் ஒருவர் என்னிடம்தான் கார் விடுவார். அவரிடம் கேட்டேன்.

"அது ஹைட்ரஜன். எரிஞ்சா புகை வராது, தண்ணிதான் வரும்" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் அதோடு விடவில்லை. "ஆனா ரொம்ப லேசு. கொஞ்ச தூரம் போறதுக்கே வண்டியைவிடப் பெரிய பலூன் வேணும். அமுக்கி அடைச்சா சிலிண்டர் கனத்தை வண்டி தாங்காது. அதை உண்டாக்கறதுக்கே தனிச் செலவு. வேணாம்யா, ஆபத்து."

"சார், நீங்க படிச்சதைச் சொல்றீங்க. நான் ஓட்டிக் காட்டறேன்."

ஓட்டினேன். கார்புரேட்டர் திருப்பி வெடித்து என் புருவம் கருகியது. விடவில்லை. காரின் கூரையில் லாரி டியூப்களைக் கட்டி, பலூன்காரரை வைத்து வாயு நிரப்பினேன். "தண்ணி போட்டு ஓட்டுற டிரைவரைப் பார்த்திருக்கோம், தண்ணி விடுற காரை இப்பத்தான் பார்க்கிறோம்" என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

ஆடிப்பெருக்கு அன்று அவளை முன் சீட்டில் உட்கார வைத்தேன். கண்ணாடியை ஏற்றப் போனேன். "வேணாங்க, காத்து வரட்டும்" என்றாள். வண்டி திணறித் திணறி ஓடியது. ஆனால் ஓடியது! அவள் நெஞ்சில் விசில் இல்லை. ஜங்ஷன் பாலம் வருவதற்குள் டியூப்கள் துவண்டு போய், வண்டி நின்றுவிட்டது.

என்னால் அவளுக்கு முகத்தைக் காட்ட முடியவில்லை. அவள் இறங்கிப் பின்னால் போனாள். புகைக்குழாயில் சொட்டிய தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, அன்று காலை மாற்றிய புது மஞ்சள் கயிற்றில் தொட்டு வைத்துக்கொண்டாள்.

"காவேரி இங்கேயே வந்துட்டா. போதுங்க. தள்ளுங்க, வீட்டுக்குப் போகலாம்."

"அடுத்த ஆடிக்கு முக்கொம்புதான்" என்றேன்.

அடுத்த ஆடிக்குச் சிலிண்டர் ஏற்றிப் பார்த்தேன். கனத்தில் பின்பக்கம் தரையைத் தட்டியது. ஒரு தடவை வாயு கசிந்து பற்றிக்கொண்டது, நல்லவேளை யாரும் பக்கத்தில் இல்லை. அதற்கப்புறம் அவளே, "விட்டுடுங்க, நீங்க இருந்தாப் போதும்" என்றாள். இன்ஜினியர் சொன்னது எல்லாமே சரியாகத்தான் இருந்தது. நான் ஓட்டிக் காட்டியதும் பொய்யில்லை.

எண்பதுகளில் ஒரு மழைக்காலத்தில் இழுப்பு முற்றி, அவள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள். அதே காரில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெட்ரோல். பாலத்தில் முன்னால் போன பஸ் கரும்புகையைக் கக்கியது. நான் வண்டியை நிறுத்தி, பின் சீட்டுப் பக்கம் போய், அவள் தலைமாட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.