ஒரே பெயரை மூன்று தடவை

பாலர் வகுப்பில் பிள்ளைகளுக்கு ‘அ’ எழுதிக் காட்டிக்கொண்டிருந்தபோது வெண்கட்டி என் கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். விரல்கள் மடங்கவில்லை.

மன்னார் ஆஸ்பத்திரியில் முடக்குவாதம் என்றார்கள் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்). “மாதா மாதம் தெற்கே கிளினிக்குக்குப் போகவேணும். மருந்தை இடையில விடக்கூடாது” என்றார் டொக்டர்.

அது போர்க்காலம். நானாட்டான் பக்கத்திலிருந்து தெற்கே போவதற்குப் பாஸ் (பயண அனுமதி) வேண்டும். பாஸுக்கு மூன்று படிவங்கள். மூன்றிலும் ஒரே கேள்விகள்: பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த இடம், வீட்டிலுள்ளவர்கள், போகும் காரணம். என் பெற்றோர் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். நான் பிறந்தது அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஆகவே பிறந்த இடம் என்ற கோட்டில் தோட்டம், பிரிவு, மாவட்டம் எல்லாம் எழுத வேண்டும். அதுவும் என் கையாலேயே.

“இவவுக்குக் கை ஏலாது. நான் எழுதித் தாறன்” என்றார் பாஸ் கந்தோருக்கு (அலுவலகத்துக்கு) என்னோடு வந்த என் கணவர்.

“பாஸ் ஆருக்கு? அவவுக்கெண்டா அவதான் எழுதவேணும்.” எழுதுவினைஞர் நிமிரவேயில்லை.

“போன மாசம் எழுதினது உங்களிட்டத்தானே இருக்கு?” என்று நான் கேட்டேன்.

“அது போன மாசத்துக்கு.”

கந்தோர் மேசையில் பலர் மைவிரல் துடைத்த கறை. அங்கே எழுதத் தந்த பிசுபிசுத்த பேனையைப் பிடிக்கவே மனமில்லை. அதைவிட, வீங்கிப் பளபளத்த என் விரல்களைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

நான்காவது மாதம் மூன்றாவது படிவத்தில் எழுத்து கோணிவிட்டது.

“இது உங்கட கையெழுத்தில்லை.”

“என்ர கைதான் ஐயா. முதலாவதை எழுதேக்க கை நோவு குறைவு.”

படிவத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார். அந்த மாதம் பாஸ் இல்லை. கையிலிருந்த மருந்தும் தீர்ந்தது. அடுத்த மாதம் எப்படியோ மூன்றையும் எழுதி முடித்துக் கிளினிக்குக்குப் போனபோது இரண்டு விரல்கள் வளைந்து இறுகியிருந்தன.

“இது இனி நிமிராதம்மா. ஏன் மருந்தை விட்டனீங்கள்?”

“நான் விடேல்லை டொக்டர். மூண்டாம் தரம் எழுத ஏலாமப் போச்சு.”

என்னால் எழுத இயலாது என்று அவர் ஒரு கடிதம் தந்தார். கந்தோரில், கடிதம் இருப்பதையும் மூன்று படிவங்களிலும் குறிக்கச் சொன்னார்கள்.

சில மாதங்களின் பின் அந்த எழுதுவினைஞரின் கதிரைக்கு ஒரு பெண் மாற்றலாகி வந்தார். என் கையைப் பார்த்தார். எழுந்து பின்னாலிருந்த அலுமாரியைத் திறந்து என் பழைய படிவத்தை எடுத்தார்.

“என்ன மாறியிருக்கு அக்கா?”

“திகதி மட்டும்தான்.”

“அப்ப அதை மட்டும் எழுதுங்கோ. மற்றதுகளை நான் பாத்து எழுதுறன்.”

திகதியை எழுதிவிட்டு அந்த அலுமாரியையே பார்த்தேன். அவ்வளவு காலமும் அலுமாரி அங்கேதான் இருந்தது. ஒருவர் எழுந்து திறக்காததால் என் விரல்கள் போயின. வெளியே வந்து மதிலோரம் வாந்தியெடுத்தேன்.

இப்போது படிவங்கள் கைபேசியில் வருகின்றன. முதற்பக்கத்தில் தந்த பெயரை மூன்றாம் பக்கம் மறுபடி கேட்கிறது. இதே நோயுள்ளவர்களே, வெட்கப்படாமல் கேளுங்கள்: ஏற்கெனவே தந்தேனே, அது எங்கே?

எனக்கு வயது ஏறிவிட்டது. காலையில் எழுந்ததும் என்ன கிழமை என்று நான் பார்ப்பதில்லை. இன்றைக்கு எத்தனை வரி எழுத இந்தக் கை விடும் என்றுதான் பார்க்கிறேன். இதை எழுத ஒன்பது நாள் எடுத்தது.