இடியப்பப் பானையில் ஒரு கைத்துப்பாக்கி

நான் நாலாம் வகுப்புப் படித்தபோது சித்தப்பா ஒரு பழைய இராணுவக் கைத்துப்பாக்கி வாங்கினார். அப்போது அவரும் சித்தியும் மில்லிக்கனில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் குடியிருந்தார்கள். சித்தப்பா ஐந்து வயதிலேயே இலங்கையிலிருந்து கனடாவுக்கு வந்தவர். போரைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறார். சனிக்கிழமைகளில் துப்பாக்கிக் கிளப்புக்குப் போய்க் குறி அட்டையைச் சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. அதற்கான வகுப்பு, சோதனை, லைசென்ஸ் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். மற்ற ஆண்கள் மீன்பிடிக்கப் போகிறார்களே, இவருக்கு மட்டும் ஏன் இந்தப் புத்தி என்று அம்மா கேட்பார்.

சித்தி கலியாணமாகி, போர் நடந்த வன்னியிலிருந்து வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அங்கே தையற்கடை ஒன்றில் வேலை செய்தவர் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதிகம் பேசமாட்டார்.

துப்பாக்கி எண்ணெய்த் தாளில் சுற்றி வந்தது. எங்கோ ஒரு நாட்டு இராணுவம் துருப்பிடிக்காமல் இருக்க அதற்குத் தடித்த கிறீஸ் பூசி, நாற்பது ஐம்பது வருடம் பெட்டிக்குள் வைத்திருந்ததாம். ஆறிப்போன சர்க்கரைப் பாகு மாதிரி மண்ணிறமாக, எல்லா இடுக்கிலும் இறுகியிருந்தது. கராஜ் குளிரில் அது அசையவே இல்லை. சித்தப்பா அம்மாவின் ஹெயார் டிரையரைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, அம்மா வேலைக்குப் போயிருந்த தைரியத்தில், கழற்றிய இரும்புத் துண்டுகளை இடியப்பப் பானையில் போட்டு அவித்தார். கிறீஸ் உருகி மேலே மிதந்தது. வீடு முழுக்கப் பெற்றோல் அடிக்கும் செற்றின் மணம். அவர் துண்டு துண்டாக எடுத்துத் தர, நான் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். அவ்வளவு முக்கியமான வேலையை அதற்கு முன்பு யாரும் என்னிடம் தந்ததில்லை.

துண்டுகளைத் திரும்பப் பூட்டும்போதுதான் சிக்கல் வந்தது. போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் அவருக்குச் சரிவரவில்லை. சுருள்கம்பி பாய்ந்து போய் ஃபிரிட்ஜுக்குக் கீழே விழுந்தது. நான் கூட்டுகிற தும்புத்தடியால் எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் பாய்ந்தது.

பக்கத்தில் நின்று கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த சித்தி கத்தியை வைத்தார்.

"இஞ்ச தாங்கோ."

கையைத் துடைத்துக்கொண்டு துண்டுகளை எடுத்தார். கண் யன்னலுக்கு வெளியே பனியில் இருந்தது. விரல்கள்தான் வேலை செய்தன. நான் பத்து எண்ணுவதற்குள் துப்பாக்கி முழுதாகிவிட்டது. அதன் மேற்பகுதியை ஒருமுறை இழுத்துவிட்டுச் சத்தத்தைக் கேட்டார். துப்பாக்கியின் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி மேசையில் வைத்தார். சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு, மீண்டும் லீக்ஸ் வெட்டத் தொடங்கினார்.

போனில் அந்த வீடியோ தன்பாட்டில் பேசிக்கொண்டிருந்தது.

மறுவாரம் யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாள் விழா. அம்மா தன் பானைக்கு நேர்ந்த கதியைச் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கதையில் முக்கியமான பகுதி விடுபட்டுவிட்டதாக எனக்குப் பட்டது.

"சித்தப்பாவுக்குப் பூட்டத் தெரியேல்லை. சித்திதான் பூட்டினவ. பாக்காமலே பூட்டினவ," என்றேன்.

சிரிப்பு நின்றது. எங்களுக்கு அவ்வளவு பழக்கமில்லாத ஓர் அங்கிள், றோல்ஸ் இருந்த காகிதத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "தங்கச்சி ஊரிலை எங்கை இருந்தவ?" என்று சித்தியைக் கேட்டார்.

சித்தி பதில் சொல்வதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார். "அது நான் ஒரு கிழமையா மினக்கெட்டுப் பழக்கினது அண்ணை. இவள் சின்னப்பிள்ளை, என்னத்தைக் கண்டவள்."

எனக்கு அநியாயமாக இருந்தது. "சித்தப்பா பொய் சொல்லுறார்," என்றேன்.

அம்மா என்னைக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போய்த் தொடையில் கிள்ளினார். இனி அதைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்றார். ஏன் என்று சொல்லவில்லை. கிளம்பும்போது சித்திதான் என் ஜாக்கெட்டுக்கு சிப் பூட்டிவிட்டார். மூன்று தரம் தவறி, நாலாவது தரம்தான் அது மாட்டியது. ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அவர் என் தொப்பியைச் சரிசெய்துவிட்டுக் காரில் ஏறினார்.

அடுத்த கிழமையே சித்தப்பா துப்பாக்கியை விற்றுவிட்டார். கிளப்புக்கும் போவதில்லை. மனைவியிடம் தோற்றுப்போன வெட்கம் என்று நான் முடிவு செய்தேன். பாவமாக இருந்தது. ஒருநாள் அவர் தனியாக வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தபோது கிட்டப் போய், "நீங்களும் பழகினால் சித்தி மாதிரி வரும் சித்தப்பா," என்று தேற்றினேன்.

அவர் பனி வழிக்கும் சவளை நிலத்தில் ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்பிடிப் பழக வேண்டாம் பிள்ளை," என்றார்.

அவருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.