படகில் முப்பதாவது ஆள்

என் பேத்தி அம்மு பிறந்த பதினாறாம் நாள்தான் எங்கள் காயலில் படகு ஓடியது. இரண்டில் எது பெரிய விசேஷம் என்று கேட்டால் நான் பேத்தியைத்தான் சொல்வேன். என் சம்பந்தி கன்னியம்மாவைக் கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வீடு முட்டுக்காடு தாண்டி, காயலின் கிழக்குக் கரையில், கலைத்தெருவுக்குப் பின்னால். சிற்பக்கூடம், ஓவியக்கூடம், நாடகக் கொட்டகை என்று எல்லாம் தண்ணீரைப் பார்த்தபடி வரிசையாக நிற்கிற தெரு அது. கன்னியம்மாவின் வீடு நேர் எதிரே, மேற்குக் கரையில். என் மகள் ஜெயப்பிரியாவை அவர் மகன் ஆனந்தனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். இந்தக் கரையில் சத்தமாகக் கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும். ஆனால் போய்ச் சேர இரண்டு பஸ், ஒரு ஆட்டோ, ஒன்றரை மணி நேரம்.

கன்னியம்மா திருக்கழுக்குன்றத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நாற்பது வயது வரை நாற்று நட்டார். நிலமெல்லாம் மனையாகிவிட்ட பிறகு கலைத்தெரு கேண்டீனுக்குச் சமையல் வேலைக்கு வந்தார். ஏழு மணிக்கு அடுப்பு எரிய வேண்டுமென்றால் ஐந்து மணிக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

"தோ, எதுர்ல அடுப்பு தெரியுது. அத பத்த வைக்க ஊரையே சுத்திக்கினு வரேன்" என்று ஒருநாள் என் ஆட்டோவில் உட்கார்ந்து சிரித்தார். அந்த வாரமே படகு கேட்டு முதல் மனு போனது.

நாலு வருடம் மனு மேல் மனு. "எத்தனை பேர் போவீங்க? கணக்கு இருக்கா?" என்று கேட்டார்கள். கன்னியம்மா தினமும் காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்று, கலைத்தெருவுக்குப் போகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு புளியங்கொட்டையைப் பானையில் போட்டார். பானை நிறைந்ததும் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோய் மேசைமேல் கவிழ்த்தார். கொட்டைகள் உருண்டோட, மனு கொடுக்க வந்த ஜனமும் ஆபீசும் சேர்ந்து குனிந்து பொறுக்கியதாம்.

போன மாதம் உத்தரவு வந்தது. ஒருநாள் வெள்ளோட்டம். மேற்குக் கரையிலிருந்து முப்பது பேராவது ஏறினால் தினமும் படகு. ஒரு ஆள் குறைந்தாலும் ஃபைலை மூடிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி.

செவ்வாய் மூன்று மணி என்றால் ராகு காலம்!

"படகு வேணும்னு கையெழுத்து போட்டது நெஜந்தான். அதுக்காக உசுரையும் குடுன்றியா யக்கா?" என்றான் சிற்பக்கூடத்தில் கல்லுக்கு மெருகு போடும் சீனு. நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்டோம். முடியாது என்றுவிட்டார்கள்.

கன்னியம்மாதான் வழி கண்டுபிடித்தார். கெட்ட நேரத்தில் கிளம்ப வேண்டி வந்தால், நல்ல நேரத்திலேயே நம் பொருள் ஒன்றை முன்னால் அனுப்பிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பொருள் போய்விட்டால் ஆளும் கிளம்பியாயிற்று என்று அர்த்தம்.

"ரெண்டு மணிக்கே அவங்கவங்க பைய படகுல வெச்சுடுங்க. அப்பால ராகு இன்னா பண்ணுவான்? நாமதான் ஏற்கெனவே போய்க்கினு கீறோமே!"

அன்று காலை எட்டு மணிக்கு நான் ஆட்டோவில் கன்னியம்மா வீட்டுக்குப் போய் ஒரு பழைய புடவை வாங்கி வந்தேன். பிரசவத்துக்கு வந்த மகள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள்; அம்முவை முதன்முதலாக ஏணையில் போடும் நாள் அது. ஏணைக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியின் நைந்த புடவைதான் மெத்தென்று இருக்கும். எங்கள் வீட்டு உத்திரத்தில் கட்டி, பேத்தியைப் போட்டு, இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, படகு விடுவதைப் பார்க்க மறுபடியும் மேற்குக் கரைக்கு ஓடினேன்.

இரண்டு மணிக்கு ஜனங்கள் சாமானை நீட்ட நீட்ட, கன்னியம்மா வாங்கி வாங்கிப் படகில் வைத்தார். துணிப்பை, டிபன் கேரியர், குடை, மிக்சி ஜார், ஒரு மத்தளம்கூட. பிறகு எல்லோரும் புங்கமர நிழலில் போய் உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கிய அதிகாரி படகைப் பார்த்தார். சீட்டு முழுக்க மூட்டை. ஆள் ஒருவர்கூட இல்லை.

"இது என்ன, சரக்குப் படகா? எல்லாத்தையும் கீழ எறக்குங்க!"

யாரும் அசையவில்லை. பையை இறக்கினால் பயணம் ரத்து. அப்புறம் ராகு காலத்தில்தான் புதிதாக ஏற வேண்டும்.

"அப்போ ஏறினவங்க பூஜ்யம்னு எழுதிடட்டுமா?" என்று அவர் பேனாவை எடுத்தார்.

"சார், சார், பேனாவ மூடுங்க!" கன்னியம்மா ஓடினார். "சாமான எறக்க வேணாம். ஆளு ஏறி, அத மடில வெச்சிக்கினா சீட்டு காலியாய்டும்ல?"

அதிகாரி யோசித்துத் தலையாட்டினார். ஒவ்வொருவராகக் கைபிடித்து ஏற்றினார் கன்னியம்மா. அதிகாரி சத்தமாக எண்ணினார். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது.

முப்பதாவது ஆளாகப் பலகையில் கால் வைத்த கன்னியம்மா அப்படியே நின்றுவிட்டார். அவர் பை அவர் தோளிலேயே தொங்கியது.

"ஐயோ! எல்லார் பையயும் வாங்கி வெச்சேன். என்னுத வெக்கலயே!"

"நல்லா கீது யக்கா! எங்கள ஏத்தி வுட்டுட்டு நீ கரையில நின்னுக்கினியா?" என்று சீனு படகிலிருந்து கத்தினான்.

"போடா! பேத்தி பொறந்து பதினாறு நாளு. அவ கிட்ட போற மொத படகு. ராகுல கெளம்ப எனக்கு மனசு வரல."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். சீனு என் பக்கம் திரும்பினான். "ஆட்டோ அண்ணாத்த, நீயாச்சும் ஏறு!"

நான் எந்தப் பையை வைத்தேன், ஏறுவதற்கு? காலையிலிருந்து நான் ஏற்றி இறக்கியது ஒரே ஒரு புடவைதான். சட்டென்று எனக்குப் பொறி தட்டியது.

"சம்பந்திம்மா! காலைல எட்டு மணிக்கு எங்கிட்ட இன்னா குடுத்தீங்க?"

"பழைய பொடவ."

"அது இப்ப எங்க கீது?"

"அம்முவுக்கு ஏணையாத் தொங்குது."

"எட்டு மணி நல்ல நேரம். நீங்க அப்பவே கெளம்பிப் போய், அந்தக் கரையில பேத்தியத் தூக்கி வெச்சிக்கினு கீறீங்க! இன்னும் இங்க நின்னுக்கினு இன்னா பண்றீங்க?"

படகே சிரித்தது. கன்னியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே எட்டில் படகுக்குள் போய்விட்டார். "முப்பது" என்றார் அதிகாரி. யாரோ மத்தளத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

ஆட்டோவை விட்டுவிட்டு வர முடியாதே, நான் வழக்கம்போல ரோட்டில் ஊரைச் சுற்றினேன். வீட்டுக்குள் நுழைந்தபோது கன்னியம்மா காபியெல்லாம் குடித்து முடித்து, தன் புடவைக்குள் தூங்கும் அம்முவை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா சம்பந்தி, இவ்ளோ நேரமா? படகுல வர்றதுதானே!"