நாலு பேர் கையெழுத்துப் போட்ட கொசு

பாட்டில் தொழிற்சாலையில் அவருக்குக் கழுகு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும் வெளியே வரும், கையெழுத்தானதும் உள்ளே போய்விடும்.

கழுகின் ஆசனம் ஒரு இரும்பு ஸ்டூல். எதிரே வெள்ளை விளக்குத் திரை. இரண்டுக்கும் நடுவே பெல்ட்டில் காலிப் பாட்டில்கள் ஊர்ந்து போகும். குமிழி, கீறல், தூசி எது தெரிந்தாலும் சிவப்பு மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டு ஒதுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடங்களில் அவர் அனுப்பிய பாட்டில் ஒன்றுகூடக் குறை சொல்லப்பட்டுத் திரும்பி வந்ததில்லை. மனிதகுலத்தில் இவ்வளவு பாட்டில்களை இவ்வளவு சந்தேகத்தோடு பார்த்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

ஒதுக்கிய பாட்டில் ஒரு நாளில் நூறைத் தாண்டினால் ஒரு சடங்கு உண்டு. சூப்பர்வைசர், உலை மேஸ்திரி, மேனேஜர் மூவரும் ஒரு பாட்டிலைத் திரைமுன் பார்த்து, படிவத்தில் கழுகின் கையெழுத்துக்குக் கீழே 'கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். 'காணவில்லை' என்றும் ஒரு கட்டம் இருந்தது. தொழிற்சாலை திறந்த நாளிலிருந்து அதில் பேனா பட்டதில்லை.

கழுகின் நாற்பத்தொன்பதாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குக் கொசு வந்தது. ஒரு கறுப்புப் புள்ளி, பின்னால் நூல் மாதிரி ஒரு வால். பாட்டிலின் கண்ணாடிக்குள் இருந்தது. வட்டம் போட்டார். அடுத்த பாட்டிலிலும் இருந்தது. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் நானூற்றுப் பதினெட்டு வட்டங்கள்.

சூப்பர்வைசர் ஓடி வந்து பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கண்ணே?"

"கழுத்துக்குக் கீழ. இரு, இப்ப இடுப்புக்குப் போயிடுச்சு."

"போயிடுச்சா?"

"நகருதுப்பா."

கெட்டிக் கண்ணாடிக்குள் இருக்கும் புள்ளி நகரும் என்பதை எந்த அறிவியலும் ஒத்துக்கொள்ளாது. ஆனால் சொன்னது கழுகாயிற்றே. சூப்பர்வைசர் கண்ணைச் சுருக்கி, "ஆமா, லேசா..." என்று கையெழுத்துப் போட்டார்.

உலை மேஸ்திரி கழுகுக்கு மச்சான், மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். "மாப்ள, எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்று காதில் கிசுகிசுத்தார்.

"நல்லாப் பாருங்க மச்சான்."

தங்கை புருஷனை நாலு பேர் முன்னால் எப்படி விட்டுக்கொடுப்பது? "அடடே, தெரியுது, தெரியுது. வாலு கூட இருக்கே!" என்று சத்தமாகச் சொல்லி, தன் உலைக்கு எதிராகத் தானே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

கடைசியாக வந்த மேனேஜர் இரண்டு இறக்கைகளையும் கண்டார். மேலதிகாரி என்றால் கூடுதலாக ஏதாவது காணத்தானே வேண்டும்!

அன்று முதல் மணல் மூன்று முறை சலிக்கப்பட்டது. மணல் குவியலுக்கு வலை கட்டினார்கள். உலையைச் சுற்றி மருந்துப் புகை அடித்ததில் தொழிலாளர்கள்தான் மயங்கினார்கள், கொசு மசியவில்லை. உலை மேஸ்திரியின் கவனக்குறைவே காரணம் என்று மேனேஜர் முடிவு கட்டினார். சனிக்கிழமை விசாரணை, அன்றே வேலை போகும் என்று பேச்சு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழுகு வீட்டில் பால் டம்ளரைத் தள்ளி வைத்தார். "இதுல கொசு விழுந்திருக்கு."

மனைவி வடிகட்டிக் கொடுத்தாள். மறுபடியும் கொசு. டம்ளரை மாற்றினாள். அதிலும் கொசு. இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"சுவத்தைப் பாருங்க. இருக்கா?"

"இருக்கு."

"என் மூஞ்சியில?"

"மூக்கு மேல."

"கண்ணை மேல உருட்டுங்க."

"மேல போச்சு."

"கீழ?"

"வருது... கொஞ்சம் லேட்டா வருது."

"கிழிஞ்சுது! பாட்டில்லயும் இல்ல, பால்லயும் இல்ல. உங்க கண்ணுக்குள்ள குடித்தனம் பண்ணிட்டிருக்கு. இதுக்கா எங்கண்ணனை நடுத்தெருவுல நிறுத்தப் போறீங்க?"

கழுகு கணக்குப் போட்டார். சொன்னால் ஸ்டூல் போகும். சொல்லாவிட்டால் மச்சான் போவார், அதன் பிறகு இந்த வீட்டில் தனக்குப் பால் ஏது, டம்ளர் ஏது!

அன்று ராத்திரியே போய்ப் பார்த்த கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிந்ததும் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார்.

"வயசு ஏற ஏற, கண்ணுக்குள்ள இருக்கிற ஜெல்லி கொஞ்சம் சுருங்கும். அதுல மிதக்கிற துணுக்கோட நிழல்தான் நீங்க பாக்குறது. விழித்திரை நல்லாருக்கு. பயப்படாதீங்க, பழகிடும். ஆனா மின்னல் வெட்டுற மாதிரி இருந்தாலோ, திடீர்னு நிறைய புள்ளி வந்தாலோ, ஓரத்துல திரை விழுந்தாலோ அன்னிக்கே ஓடி வரணும்."

"டாக்டர், நீங்க அந்தத் துணுக்கைப் பாத்தீங்களா?"

"பாத்தேனே."

"இறக்கை இருக்கா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இறக்கையா?"

சனிக்கிழமை விசாரணையில் மச்சான் தலைகுனிந்து நின்றார். கழுகு டாக்டர் சீட்டை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் கொட்டினார். "மச்சான் மேல தப்பே இல்ல சார். கொசு என்னோடது. ஸ்டூலை வேணா எடுத்துக்குங்க."

சூப்பர்வைசர், "எனக்கு லேசாத்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மேனேஜர் சீட்டைப் படித்தார், படிவத்தைப் படித்தார். இரண்டும் உண்மையாக இருக்க வழி தேடினார்.

"அப்ப நான் பாத்த இறக்கை?"



மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொசு பாட்டிலில் இல்லை என்று டாக்டரே எழுதிவிட்டார். ஆனால் நாலு பேர் கண்டது கையெழுத்தோடு இருக்கிறது. ஆகவே நாலு பேர் கண்ணிலும் கொசு! தனக்கே உள்ள ஒரு கோளாறுக்காக இன்னொருவரை வேலையைவிட்டு அனுப்புவது எப்படி? உலை குற்றமற்றது. கழுகு ஸ்டூலிலேயே இருக்கலாம். இனி பாட்டிலைச் சுழற்றிப் பார்த்து, கூடவே சுழலும் புள்ளிக்கு மட்டும் வட்டம் போட வேண்டும். மற்ற மூவரும் திங்கட்கிழமையே மருத்துவச் சான்று வாங்கிக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

திங்கட்கிழமை மூவரும் சொட்டு மருந்து விட்ட கண்களோடு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"மூணு பேர் கண்ணும் பளிங்கு மாதிரி இருக்கு. ஒண்ணுமே இல்ல."

மேனேஜர் பதறினார். "அப்படிச் சொல்லாதீங்க டாக்டர். எங்கயாவது ஒரு மூலையில... இன்னொரு தடவை நல்லாப் பாருங்களேன்."

"இல்லாததை எப்படி சார் எழுதுறது?"

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்த உலை மேஸ்திரி கைகூப்பினார்.

"எனக்கு வாலு மட்டும் எழுதினா போதும் டாக்டர்."