நாத்தனாரும் நானும் எரிமலையும்

அனுமதிச் சீட்டு இரண்டு பேருக்கு இருந்தது. கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கும் என் நாத்தனார் தனக்கும் தன் தோழிக்குமாக வாங்கியது. வாஷிங்டன் மாநிலத்தின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைமேல் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் ஏறலாம் என்று கட்டுப்பாடு உண்டு. சீட்டு கிடைப்பதே பெரிய அதிர்ஷ்டம். கிடைத்த பிறகு தோழிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் தன் அண்ணனைக் கூப்பிட்டாள். என் கணவர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, நீ வர்றியா? ஒரே நாள்தான். காலைல ஏறி சாயங்காலத்துக்குள்ள எறங்கிடலாம்.”

“என் முட்டியைப் பத்தித் தெரியாதா உனக்கு? அதுவும் இந்த டெக்சஸ் ஃபிரிஸ்கோல ஸ்பீட் பிரேக்கரைத் தவிர வேற மேடே கெடையாது. எங்க போய் ட்ரெய்ன் பண்றது?”

“நான் வரேன்,” என்றேன்.

கணவர் கத்தியோடு திரும்பிப் பார்த்தார். நானும் நாத்தனாரும் சண்டை போட்டவர்கள் அல்ல. சண்டை போடும் அளவுக்குக்கூடப் பேசிக்கொண்டதில்லை. தீபாவளிக்கு ஒரு போன், பிறந்தநாளுக்கு ஒரு மெசேஜ், அவ்வளவுதான்.

“அண்ணி, நெஜமாவா? ரொம்பக் கஷ்டம் அண்ணி. கடைசில எல்லாம் வெறும் சாம்பல். ஒரு அடி வச்சா அரை அடி சறுக்கும்.”

“சறுக்கட்டும். அரை அடி மிச்சம் இருக்குல்ல?”

அவள் சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்த நாளில் வந்த அதே படபடப்பு.

ஒன்றரை மாதம் இருந்தது. என் மலை, அலுவலகத்தின் கார் பார்க்கிங் கட்டடம்தான். வெயில் ஏறுவதற்கு முன்பே போய், முதுகுப்பையில் சோனா மசூரி அரிசிப் பையை வைத்துக்கொண்டு, கீழிருந்து மொட்டை மாடி வரை படியேறுவேன், இறங்குவேன், மறுபடி ஏறுவேன். முதல் வாரத்திலேயே அங்கிருந்த காவலாளி என்னை நிறுத்தி, “காரை எந்த மாடியில் விட்டீர்கள் என்று மறந்துவிட்டதா? நான் தேடித் தரட்டுமா?” என்று அக்கறையாக விசாரித்தார். எரிமலை ஏறப்போகிறேன் என்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். மறுநாளிலிருந்து என்னைக் கண்டதும் கட்டை விரலை உயர்த்திக் காட்ட ஆரம்பித்தார்.

நாத்தனார் தினமும் கூப்பிட்டாள். கையுறை வாங்கியாச்சா, பாறை எல்லாம் அரம் மாதிரி இருக்கும். ஷூவுக்கு மேலே மாட்டுகிற உறை வாங்கியாச்சா, இல்லாவிட்டால் உள்ளே சாம்பல் போய்விடும். வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, எல்லாவற்றையும் நாம்தான் சுமக்க வேண்டும். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் இழுபறி.

“எனர்ஜி பார், ஜெல் எல்லாம் நானே வாங்கிட்டேன் அண்ணி.”

“அது உனக்கு. எனக்குப் புளிசாதம்.”

“அண்ணி, அது வெயிட்!”

“என் முதுகுதானே?”

அந்த மலையில் நிலநடுக்கக் கருவிகள் பொருத்தியிருக்கிறார்கள். அவை பதிவு செய்யும் சின்னச் சின்ன அதிர்வுகளை இணையத்தில் பார்க்கலாம். காபி குடிக்கும்போதே அதைத் திறந்து பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. நாம் காலால் உணர முடியாத நடுக்கங்கள்தான். ஆனாலும், நான் ஏறப்போகிற மலை உயிரோடு இருக்கிறது என்று நினைத்தால் புல்லரித்தது.

ஒருநாள் பேச்சுவாக்கில், “இந்த மலையேறற பழக்கம் உனக்கு எப்படி வந்துச்சு?” என்று கேட்டேன்.

“எனக்கு ஒரு தடவை வேலை போயிடுச்சு, அப்போ.”

“எப்போ?”

“யாருக்கும் தெரியாது அண்ணி. லே ஆஃப் பண்ணிட்டாங்க. காலைல ஆபீஸ் போற மாதிரியே கெளம்பி, கார்ல ஷூவை மாத்திக்கிட்டு, மலைப்பக்கம் போயிடுவேன். அம்மா போன் பண்ணா, மீட்டிங்குக்குப் போயிட்டிருக்கேன்னு சொல்லுவேன். மூச்சு வாங்கறது கேக்கும். படியேறிட்டு இருக்கேன்னு சொல்லிடுவேன். வேற வேலை கெடைச்சதும் அந்த மலையை விட மனசு வரல.”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே,” என்றேன்.

“இப்பதானே அண்ணி நாம பேசவே ஆரம்பிச்சிருக்கோம்.”

கிளம்புவதற்கு முந்தின வாரம் பொள்ளாச்சியிலிருந்து மாமியார் வீடியோ காலில் வந்தார். யார் சொன்னார்களோ தெரியவில்லை.

“ஏங்கண்ணு, எரிமலைக்குப் போறியாமா? வெடிச்சுதுன்னா?”

“பெருசா வெடிச்சு நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு அத்தை. இப்ப லேசாப் பொகை மட்டுந்தான்.”

“சும்மா பொகைஞ்சுட்டே இருக்கறதுதான் மோசம். ஆரு கூடப் போறே?”

“உங்க பொண்ணு கூடத்தான்.”

“நீங்க ரெண்டு பேருமா? ஒண்ணாவா?” என்று கேட்டு, திரைக்குள் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். பிறகு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். “நீங்க ரெண்டு பேரும் சேந்து போறீங்கன்னா எரிமலை ஒண்ணும் பண்ணாது. போயிட்டு வாங்க.”

போர்ட்லண்ட் விமான நிலையத்தில் நாத்தனார் எனக்காகக் காத்திருந்தாள். காரில் போகும்போது ஒரு வளைவில் மலை திடீரென்று முழுசாகத் தெரிந்தது. தலையைச் சீவி எடுத்த மாதிரி உச்சி தட்டையாக இருந்தது. “அதுவா?” என்று கத்திவிட்டேன். “அதேதான்!” என்று அவளும் கத்தினாள்.

மறுநாள் விடியும்போது நடக்க ஆரம்பித்தோம். முதலில் காடு, பிறகு பாறைகள். கால் மட்டும் போதவில்லை, கையையும் ஊன்றித் தவழ்ந்து ஏறினோம். கடைசியில் அவள் சொன்ன சாம்பல் சரிவு. அங்கே என் மூச்சு முட்டியது. இதற்குமேல் முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவள் அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தாள். “உச்சியைப் பாக்காதீங்க அண்ணி. அந்தச் செவப்புக் கல்லு வரைக்கும் மட்டும்.” அந்தக் கல் வந்ததும் இன்னொரு கல்லைக் காட்டினாள். அப்படிக் கல் கல்லாக ஏறி, சட்டென்று ஓரிடத்தில், எதிரே மலையே இல்லை.

விளிம்பு உடையக்கூடியது என்பதால் தள்ளியே நின்று பார்த்தோம். கீழே ஊரே அடங்கும் அளவுக்குப் பெரிய பள்ளம். நடுவில் கருத்த மேடு, அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு இழை ஆவி. எங்கோ உள்சுவரில் கல் உருண்டு விழும் சத்தம் நிற்காமல் கேட்டது. நாத்தனார் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தாள். கன்னத்துச் சாம்பலில் கண்ணீர் கோடு போட்டிருந்தது.

இறங்கும்போது அதே சாம்பல் மெத்தை மாதிரி ஆகிவிட்டது. குதிகாலை அழுத்தி வைத்தால் அதுவே ஆளைக் கீழே இழுத்துக்கொண்டு போனது. இரண்டு பேரும் கூச்சல் போட்டபடி சறுக்கிக்கொண்டு ஓடினோம். மூச்சு வாங்க மேலே ஏறிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.